பீச்சமின் பிறந்த நேரம்

இன்னும் நாற்பது வினாடி இருந்தது. நெற்றிமேல் ஏற்றிவைத்திருந்த மூக்குக்கண்ணாடியைச் சிவகுருநாதன் மேசைக்கு மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தார். மேசையில் மடிக்கணினி. அதன் இடப்பக்கம் சுபானு வருடத்து வாக்கிய பஞ்சாங்கம், முதுகு கழன்று, நூலால் கட்டியபடி. வலப்பக்கம் ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஆறிப்போன தேத்தண்ணீர். திரையில் சிவப்பு எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஓகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணி. ஹம்பேர்க்கில் வெயில் எறிக்கிற அந்த எட்டுப் பத்து நாட்களில் அதுவும் ஒன்று. கீழே முற்றத்தில் யாரோ இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே மூன்றாம் மாடியில் ஐம்பத்தொன்பது வயது மனிதர் ஒருவர், தான் ஒருநாளும் கையால் தொட்டிராத ஒரு பந்தை, தான் ஒருநாளும் நேரில் கண்டிராத ஓர் அமெரிக்கப் பெடியன் பிடிப்பானா விடுவானா என்று வியர்த்துக்கொண்டிருந்தார்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு மாதத்துக்கு முன் சிவகுருநாதனுக்கே தெரியாது. அமெரிக்காவில், பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற அவர்களுடைய கால்பந்தில், உண்மையான அணிகள் உண்மையாக மோதுகின்றன. இங்கே பத்துப் பேர் தங்கள் தங்கள் சோபாவில் இருந்துகொண்டு, அந்த ஆட்டக்காரர்களை முறைவைத்து, தங்கள் முறைக்குரிய வினாடிகள் முடியுமுன் பொறுக்கி, ஆளுக்கொரு கற்பனை அணி கட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆட்டக்காரன் அங்கே எவ்வளவு தூரம் ஓடினான், எத்தனை பந்து பிடித்தான் என்பதற்கு இங்கே புள்ளி. அவன் விழுந்து எழும்பினால் இவர்களுக்குச் சந்தோஷம். எழும்பாவிட்டால் இவர்களுக்கு வருத்தம். அவனுக்கோ இப்படிப் பத்துப் பேர் உலகத்தில் இருப்பதே தெரியாது. இதைவிடச் சும்மா இருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். சும்மா இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும்.

சிவகுருநாதன் இரண்டு வருடமாகச் சும்மா இருந்து பார்த்தவர். மனைவி கமலநாயகி, மகள் ஆதிரையின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக மூன்று மாதத்துக்கென்று லண்டனுக்குப் போனவர். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடந்து, இப்போது கதவைத் திறந்துகொண்டு ஓடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. மூன்று மாதம் மட்டும் இன்னும் முடியவில்லை. கோபம் இல்லை, சண்டை இல்லை. ஞாயிறு காலையில் வீடியோவில் வந்து, "ஃபிரிட்ஜைத் திறந்து காட்டுங்கோ பாப்பம்" என்பார். இவர் காட்டுவார். "உந்தத் தயிர் போன கிழமையும் உதிலைதானே கிடந்தது?" என்பார். பிறகு அங்கே பேரன் எதையாவது கொட்டிவிடுவான். திரையில் லண்டன் வீட்டுக் கூரை மட்டும் கொஞ்ச நேரம் தெரியும். அந்தக் கூரையைச் சிவகுருநாதனுக்கு இப்போது நன்றாகத் தெரியும். மூலையில் ஒரு ஈரக்கசிவு இருந்தது.

மகன் மதீசன் கார்ல்ஸ்ரூஹேயில் கணினி வேலை. இருபத்தொன்பது வயது. மாதத்தில் இரண்டு தரம் போன் எடுப்பான்.

"அப்பா, சாப்பிட்டீங்களோ?"

"ஓம். நீ?"

"ஓம்."

"வேலை எப்பிடி?"

"போகுது."

ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. சிவகுருநாதன் நேரம் பார்ப்பதில்லை. முடிந்ததும் போனே காட்டிவிடும். பேச விஷயம் இல்லாமல் இல்லை. ஒரே கிணற்றில் இரண்டு பேரும் வாளியை விட்டுவிட்டு, கயிறு போதாமல் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பது போல இருக்கும். அப்படிப்பட்ட ஒரு போனில்தான், யூலை மாதம், வழமைக்கு மாறாக மகன் ஒன்று கேட்டான்.

"அப்பா, ஒரு உதவி. எங்கடை லீக்கில ஒருத்தன் கழண்டிட்டான். பத்துப் பேர் வேணும். உங்கடை பேரை மட்டும் தாங்கோ. நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. கொம்பியூட்டர் தானா ஆக்களை எடுக்கும்."

நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்ற வசனத்தை அவர் அந்த வருடத்தில் மூன்றாவது தடவையாகக் கேட்டார். முதலில் சொன்னவர் கமலநாயகி: நீங்கள் லண்டனுக்கு வந்து ஒன்றும் செய்யத் தேவையில்லை, இஞ்சை இடமும் காணாது. அடுத்தது வேலையிடம். துறைமுகத்துக்குக் கிட்ட வாழைக்காய் பழுக்கவைக்கும் கூடத்தில் அவருக்கு இருபத்தாறு வருட வேலை. கப்பலில் கடும் பச்சையாக வந்து இறங்குகிற காயை அறையில் அடைத்து, வாயு விட்டு, சூடு கூட்டிக் குறைத்து, கடைக்காரன் கேட்கிற நிறத்தில் வெளியே அனுப்ப வேண்டும். நிறத்துக்கு ஏழு எண் உண்டு. ஒன்று பச்சை, ஏழு புள்ளி விழுந்த மஞ்சள். சிவகுருநாதன் கதவைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தாலே எண்ணைச் சொல்லிவிடுவார். இந்த வசந்தகாலத்தில் அறைகளுக்குள் மூக்குள்ள கருவிகளைப் பூட்டிவிட்டு, இளம் முதலாளி அவருடைய தோளில் தட்டி, நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றார்.

ஆகவே மூன்றாவது தடவை கேட்டபோது அவருக்குள் ஏதோ முறுகியது. கொம்பியூட்டரை எடுக்க விடுவதில்லை, தானே எடுப்பது என்று முடிவு செய்தார்.

குழுவின் விதிமுறைகளை அனுப்பியவர் பெயர் கம்சனா. அவர்தான் லீக்குக்குத் தலைவி. பட்டியலில் தகப்பனையும் மகனையும் விட்டால் இருந்த ஒரே தமிழ்ப் பெயர். "ஆரடா உது?" என்று கேட்டபோது, "வேலையிடத்தில தெரிஞ்ச ஆள்" என்றான் மதீசன், கொஞ்சம் வேகமாக. விதிமுறையில் ஏழாவது, தடித்த எழுத்தில்: கடைசியாக வருபவர் அடுத்த வருடம் வெளியே, காத்திருப்போர் பட்டியலில் மூன்று பேர் நிற்கிறார்கள்.

ஒரு மாதம் படித்தார். எஸ்-பான் ரயிலில் போகும்போது படித்தார், வரும்போது படித்தார். கூட வேலை செய்கிற ஞானப்பிரகாசம் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, பென்சனுக்குக் கிட்டப் போற நேரத்தில உதென்ன சோதனைக்குப் படிக்கிறியள்?" என்று கேட்டார்.

"அமெரிக்காவில ஒரு பெடியன் நல்லா வருவானோ எண்டு பாக்கிறன்."

"ஆருக்கு? உறவுக்குள்ளை பொம்பிளைப் பிள்ளை ஆரும் கிடக்கோ?"

சிவகுருநாதனுக்கு வழி திறந்தது அங்கேதான். அந்தக் கேள்வியை ஞானப்பிரகாசம் பகிடியாகக் கேட்டார். இவர் பகிடியாக எடுக்கவில்லை. அதுதான் அவருடைய குணம்.

பெடியன் பெயர் டாரியன் பீச்சம். இருபத்தொரு வயது, இந்த வருடம்தான் பெரிய லீக்குக்குள் காலெடுத்து வைக்கிற புதியவன், ரூக்கி என்பார்கள். ரிசீவர். அதாவது ஓரத்தில் நின்று, விசில் அடித்ததும் பிசாசு துரத்தியதுபோல் ஓடி, தலைக்கு மேலால் வருகிற பந்தைத் திரும்பிப் பார்த்துப் பிடிக்கிறவன். நிபுணர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். நாற்பது கெஜத் தூரத்தை நாலரை வினாடிக்குள் ஓடுகிறான், கை பெரிது, குதிக்கிறான் என்றது ஒரு கட்சி. எதிரி இறுக்கிப் பிடித்தால் சுருங்குகிறான், கல்லூரியில் கடைசி வருடம் ஒன்பது பந்தை நழுவவிட்டான் என்றது மறு கட்சி. சிவகுருநாதன் அவனுடைய வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நழுவவிட்ட ஒன்பதையும் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பெடியன் பந்து கைக்கு வருமுன் ஓடத் தொடங்கிவிடுகிறான். குற்றம் கையில் இல்லை, அவசரத்தில். இரண்டாம் நிறம் என்று முடிவு கட்டினார். காம்பு நல்லது. மணம் இன்னும் வரவில்லை. சூடு சரியாகக் கிடைத்தால் எழும்பும், பிழைத்தால் உள்ளே கல்லாகவே கிடந்து கறுக்கும்.

சூடு யார்? பந்தை எறிகிறவன். அவனைக் குவாட்டர்பேக் என்பார்கள். பீச்சமுக்கு எறிய இருந்தவன் ஹாலிஸ்டர். இரண்டு பேருக்கும் இடையில் ஒத்துப்போகுமா என்பதுதான் எல்லா நிபுணர்களின் கேள்வியும். இரண்டு பேர் ஒத்துப்போவார்களா என்று பார்க்க உலகத்தில் எவ்வளவோ வழி இருக்கலாம். சிவகுருநாதனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கமலநாயகி வருடா வருடம் வாங்கி, ஒன்றையும் எறியாமல் சேர்த்துவைத்த பஞ்சாங்கக் கட்டு அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. லண்டனுக்குப் போகும்போது நகைகளைக் கொண்டுபோனவர் அதை விட்டுவிட்டுப் போயிருந்தார்.

பொருத்தம் பத்து. எறிபவனை மாப்பிள்ளையாகவும், ஓடிப்போய்ப் பிடிப்பவனைப் பெண்ணாகவும் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் நூறு கிலோ ஆம்பிளைகள் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. பிறந்த திகதியும் ஊரும் இணையத்தில் கிடைத்தன. பிறந்த நேரம் எங்கேயும் இல்லை. அவனுடைய கை எத்தனை அங்குலம், எவ்வளவு உயரம் குதிப்பான், பள்ளிக்கூடத்தில் என்ன பட்டப்பெயர், நாய்க்கு என்ன பெயர் என்றெல்லாம் எழுதிவைத்தவர்கள், ஒரு பிள்ளை எத்தனை மணிக்குப் பிறந்தது என்பதை எழுதிவைக்கவில்லை. "என்ன சனமப்பா!" என்று தனியாக இருந்து சொன்னார். நேரம் இல்லாததால் ஒரு சிக்கல். 2003 நவம்பர் ஒன்பது, பீச்சம் பிறந்த ஒகாயோ நேரப்படி விடிய ஐந்து மணி வரை பரணி, அதன்பிறகு கார்த்திகை. கார்த்திகை என்றால் கணமே பொருந்தாது. பரணி என்றால் பத்தில் ஏழு. ஒரு பிள்ளை விடிய ஐந்து மணிக்கு முன் பிறக்கக் கூடாதா? எத்தனையோ பிள்ளைகள் பிறந்திருக்கின்றன. ஆதிரைகூட மூன்றரைக்குத்தான் பிறந்தாள். பீச்சமும் ஐந்துக்கு முன் பிறந்தான்.

ஆனால் பரணியிலும் ரச்சு தட்டியது. பத்திலும் பெரியது ரச்சு. பாதம், தொடை, வயிறு, கழுத்து, தலை என்று நட்சத்திரங்களை உடம்பில் ஐந்து இடத்தில் வைத்திருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே இடமாக இருக்கக் கூடாது. பீச்சம் பரணி, தொடை. ஹாலிஸ்டர் பூரம், அதுவும் தொடை. சிவகுருநாதன் பென்சிலால் அந்த வரியை மெல்லமாக, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி, வட்டமிட்டார்.

திரையில் நாலு வினாடி இருக்கும்போது கண்ணாடி நெற்றியில் இருப்பது தெரிந்தது. மூன்றில் இறக்கினார். இரண்டில் அழுத்தினார்.

திரையில் அவருடைய அணியின் பெயருக்குக் கீழே பீச்சம் வந்து உட்கார்ந்தான். அணியின் பெயர் "ஹம்பேர்க் வாழைக்காய்கள்".

அடுத்த நிமிடம் போன் அடித்தது. மகன். மாதத்துக்குரிய இரண்டு போனும் முடிந்திருந்த நேரம் அது.

"அப்பா! பீச்சமை நீங்களோ எடுத்தது? இல்லை கொம்பியூட்டரோ?"

"நான்தான்."

"நான் அடுத்த சுத்தில அவனை எடுக்கக் காத்துக்கொண்டு இருந்தனான்! ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. பொருத்தம் பாத்தனான்."

அந்தப் பக்கம் மதீசன் சிரிக்கத் தொடங்கினான். சிரித்து, இருமி, போனை எங்கேயோ வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துச் சிரித்தான். பத்து வயதில் தண்ணீருக்குள் விழுந்து எழும்பியபோது சிரித்த அதே சிரிப்பு. அது இன்னும் அவனிடம் இருக்கிறது என்பது சிவகுருநாதனுக்கு அதுவரை தெரியாது. கொப்பியில் இருந்ததை ரச்சு வரைக்கும் வாசித்துக் காட்டினார்.

"பொறுங்கோ பொறுங்கோ. ரச்சு எண்டா என்ன? தொடையோ? ஐயோ அப்பா. எனக்கு என்ன நட்சத்திரம்?"

"பூசம்."

"அது எந்த இடம்?"

"உனக்கும் தொடைதான்."

"அப்ப நானும் பீச்சமும் கட்டேலாது!"

இருபத்தேழு நிமிடம். போன் காட்டியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பின்னேரம் ஆறரைக்கு மதீசன் எடுத்தான். ஞாயிறு ஆட்டத்தின் புள்ளிகள் எல்லாம் சரிபார்த்து முடிந்த பிறகு, பண்டமாற்றுப் பேச. என்னிடம் இன்னார் இருக்கிறான், அவனைத் தருகிறேன், பீச்சமைத் தாருங்கள். சிவகுருநாதன் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "யோசிப்பம்" என்றார். யோசிக்கிற நேரத்தில் வேறு கதைகள் வந்தன. மகனுடைய மேல்வீட்டுக்காரன் தாளம் அடிக்கிறான். அவனுடைய வேலையில் புது மேலாளர் வந்திருக்கிறார், எல்லாவற்றுக்கும் நாளும் நேரமும் குறித்து டெர்மின் வைக்கிறார். கறிக்கு எப்போது புளி விடுவது? ஒருநாள் பின்னால் ஒரு பெண் குரல், சுத்தமான தமிழில், "உப்புப் போட்டனீங்களோ?" என்று கேட்டது. "டீவி" என்றான் மதீசன். உப்பு விசாரிக்கிற டீவி எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை. கேட்டால் கயிறு அறுந்துவிடும் போல இருந்தது.

பீச்சம் முதல் மூன்று வாரமும் ஒன்றும் கிழிக்கவில்லை. வாழைக்காய்கள் பத்தில் பத்தாவது இடத்தில் கிடந்தன. நாலாம் வாரம், மைதானத்தின் நடுவில், யாரும் தொடாமலே, ஹாலிஸ்டர் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். தசை கிழிந்துவிட்டது, எட்டுக் கிழமை ஓய்வு. சோபாவில் இருந்த சிவகுருநாதனுக்குப் பென்சிலால் வட்டமிட்டது நினைவுக்கு வந்தது. தெரிந்துகொண்டே கட்டிவைத்த தகப்பன் மாதிரி அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. மாற்றாள் ஓர்ட்டேகா இறங்கினான். மறுநாள் பஞ்சாங்கத்தைத் திறந்தார்: ரேவதி. எட்டுப் பொருத்தம். இரண்டு பேருக்கும் யானை யோனி.

சொல்லிவைத்த மாதிரி அடுத்த ஞாயிறு பீச்சம் இரண்டு முறை பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டினான். அதற்கடுத்த ஞாயிறு ஒரு முறை. நிபுணர்கள் இரண்டு கட்சியும் ஒரே கட்சியாகி, நாங்கள் அப்போதே சொன்னோம் என்றார்கள். வாழைக்காய்கள் எட்டாம் இடத்துக்கு வந்தன. செவ்வாய்க்கிழமைப் பேச்சுகள் நாற்பது நிமிடத்தைத் தொட்டன. மதீசன் இரண்டாம் இடத்தில் இருந்தான். பீச்சம் கிடைத்தால் கிண்ணம் தனக்குத்தான் என்றான். ஒன்றுக்கு இரண்டு பேர் தருகிறேன் என்றான். மூன்று பேர் என்றான். சிவகுருநாதன் "யோசிப்பம்" என்றார்.

பழுத்ததை வைத்திருக்கக் கூடாது என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாயு விட்ட காயைத் திரும்பப் பச்சையாக்க எந்தக் கருவியாலும் முடியாது. ஐந்தாம் நிறத்தில் வண்டி ஏற்றாவிட்டால் ஏழாம் நிறத்தில் குப்பைக்கு. இருபத்தாறு வருடம் இதைச் சொல்லிச் சம்பளம் வாங்கியவர், பீச்சமை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவன் மற்ற ஒன்பது பேருக்கும் வாரத்துக்குப் பதினெட்டுப் புள்ளி. இவருக்கு வாரத்துக்கு நாற்பது நிமிடம்.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு குளிர்கால நேரம் வந்தது. சமையலறையில் அடுப்புக்கு மேலே, கூரையோடு ஒட்டினாற்போல் ஒரு மணிக்கூடு. வருடத்தில் இரண்டு முறை கமலநாயகி கதிரையில் ஏறி அதைத் திருப்புவார். இவர் கதிரையைப் பிடிப்பார். இப்போது ஏறவும் இவர்தான், பிடிக்கவும் இவர்தான் என்றால் அது நடக்கிற காரியமில்லை. போன வருடமும் அப்படியே விட்டுவிட்டு, குளிர்காலம் முழுவதும் மனத்துக்குள் ஒரு மணி கழித்தே சமாளித்தார். பங்குனியில் கோடை நேரம் வந்து மணிக்கூடு தானாகவே சரியாகிவிட்டது. பொறுத்திருந்தால் எல்லாம் சரிவரும் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே சான்று அது.

நவம்பர் நடுவில் பண்டமாற்றுக்குக் கெடு வந்தது. சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி. அதன்பிறகு யாரும் யாருக்கும் ஆளை மாற்ற முடியாது என்று கம்சனா எல்லோருக்கும் அறிவித்தார். அந்தச் செவ்வாய் மதீசன் ஆறு ஐம்பதுக்குத்தான் எடுத்தான்.

"அப்பா, என்ன முடிவு?"

"யோசிச்சுக்கொண்டிருக்கிறன். நீ சாப்பிட்டியோ? அண்டைக்குச் சொன்ன கறி..."

"அப்பா." ஒரு பெருமூச்சு வந்தது. "தாறதெண்டாத் தாங்கோ. இல்லாட்டி இல்லை எண்டு சொல்லுங்கோ. பதினொரு கிழமையா இதையே கேட்டுக்கொண்டு இருக்கிறன். எனக்கும் களைக்குது."

குரலில் கோபம் இல்லை. அதுதான் வருத்தமாக இருந்தது. அரசாங்க அலுவலகத்துக்குப் போன் எடுத்துக் காத்திருக்கிறவனின் குரல் அது. முன்னொரு காலத்தில், அகதி விண்ணப்பக் காலத்தில், சிவகுருநாதனுக்கு அந்தக் குரல் இருந்தது. கதவைத் திறந்ததும் மூக்கில் அடிக்கிற அந்த இனிப்பு மணம், ஆறாம் நிறத்தைத் தாண்டிவிட்டது என்று சொல்கிற மணம், போன் வழியாகவே வந்தது.

"நீ என்ன தாறாய்?" என்று கேட்டார்.

"என்ன வேணும்? இஞ்சை ஒரு நல்ல ஆள்..."

"நேரில வந்து கேட்டாத் தாறன்" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன உடனேயே வெட்கமாக இருந்தது. ஓர் அமெரிக்கப் பெடியனைப் பணயம் பிடித்துவைத்துப் பெற்ற மகனிடம் பேரம் பேசுகிறோம். "பகிடி விட்டனான்" என்றார் அவசரமாக.

"அஞ்சு மணித்தியால ரயிலப்பா" என்றான் மதீசன். பிறகு, "பாப்பம்" என்றான். மூன்று நிமிடம் பத்து வினாடி.

சனிக்கிழமை காலையில் அவர் புட்டு அவித்தார். இரண்டு பேருக்கு. பகிடி என்று சொன்னவர் எதற்கு இரண்டு பேருக்கு அவித்தார் என்று கேட்கக் கூடாது; ஒரு ஆளுக்கு மட்டும் புட்டு அவிக்க யாருக்கும் அளவு தெரியாது. பதினொன்றரைக்கு அழைப்புமணி அடித்தது. கதவுக்கு ஓடிப்போய்த் தலையைத் தடவிக்கொண்டு திறந்தார். பொதி கொண்டுவருகிறவன். எதிர்வீட்டில் ஆள் இல்லை, நீங்கள் வாங்கி வைக்கிறீர்களா என்றான். வாங்கினார், கையெழுத்து வைத்தார். அந்தக் கட்டடத்தில் எந்த நேரமும் வீட்டில் இருக்கிற ஆள் இவர்தான் என்பது பொதிக்காரனுக்குத் தெரிந்திருந்தது.

மணிக்கூடு பன்னிரண்டு ஐம்பது காட்டியது. அதாவது பதினொன்று ஐம்பது. மடிக்கணினியைத் திறந்தார். மகன் எப்போதோ அனுப்பிவைத்த பண்டமாற்று ஓலை அப்படியே காத்துக்கிடந்தது: பீச்சமுக்குப் பதிலாக மூன்று பேர். மூன்றையும் நீக்கிவிட்டு, மகனுடைய அணியில் மூலையில் கிடந்த, பந்தை உதைக்க மட்டும் இறங்குகிற, முப்பத்தெட்டு வயதான ஓர் உதைகாரனை மட்டும் கேட்டு எழுதினார். சும்மா கொடுத்தால் விதி விடாது. பதினொன்று ஐம்பத்தாறுக்கு அழுத்தினார். ஐம்பத்தேழுக்கு மகன் ஏற்றுக்கொண்டான். பீச்சம் எழும்பிப் போய்விட்டான். அவன் இருந்த இடத்தில் ஒரு வெற்றுக் கோடு. கைபேசியில் ஒரு நெருப்புப் படமும், "டாங்கெ அப்பா" என்று நன்றியாக இரண்டு சொல்லும் வந்தன. புட்டு அவருக்கு இரண்டு நாளைக்குப் போதுமாயிருந்தது.

ஞாயிறு இரவு ஏழு மணி ஆட்டத்தில் பீச்சம் மூன்று முறை கோட்டைத் தாண்டினான். அந்த வாரம் அட்டவணைப்படி மதீசனின் அணி மோதியது தகப்பனின் அணியோடுதான். மூன்றாவது முறை தாண்டியபோது, வாழைக்காய்கள் பத்தாம் இடத்துக்கு விழுந்துவிட்டன என்பது தெரிந்தும், சிவகுருநாதன் எழும்பி நின்று கை தட்டினார். வெற்று வீட்டில் ஒரு ஆள் கை தட்டினால் அது கதவை யாரோ தட்டுவது போல இருக்கும். அவரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

செவ்வாய் வந்தது. ஆறரைக்கு அவர் போனை மேசையில் வைத்து, அது தவறி அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. தேத்தண்ணீர் போட்டார். ஆறே முக்கால். எதிர்வீட்டுக்காரி வந்து பொதியை வாங்கிக்கொண்டு போனாள். மடிக்கணினியைத் திறந்து, யாரும் எடுக்காமல் கிடக்கிற புதுப் பெடியங்களின் பட்டியலை இறக்கி, ஒவ்வொருவனின் பிறந்த திகதியையும் பார்த்துக்கொண்டு போனார். மகனுக்குத் தேவைப்படக்கூடிய ஒருவன், இன்னும் பச்சையாக, எங்கேயாவது கிடக்க மாட்டானா? ஆனால் கெடு முடிந்துவிட்டது. கிடைத்தாலும் கொடுக்க முடியாது.

ஆறு ஐம்பத்தைந்துக்குக் கைபேசி ஒருமுறை துடித்தது. போன் இல்லை, ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்.

"அப்பா ஹாலிஸ்டர் சுகமாகி அடுத்த கிழமை திரும்பி வாறானாம். ரச்சு தட்டுது எண்டு சொன்னீங்களல்லோ. பீச்சமை விளையாட விடுறதோ? பாத்துச் சொல்லுங்கோ."

சிவகுருநாதன் கண்ணாடியை இறக்கிக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். கொப்பியைப் புரட்டி, தெரிந்த விடையை இன்னொருமுறை கணக்குப்போட்டு உறுதிசெய்து, "தொடை. கவனம்" என்று எழுதப் போனார். அதற்குள் அடுத்தது வந்தது.

"இதையும் ஒருக்காப் பாருங்கோ. 19.11.1998. போர்ட்ஸ்ஹைம். காலமை 6.42."

போர்ட்ஸ்ஹைமில் பிறந்த ஆட்டக்காரனா? ஜெர்மன்காரர் சிலர் அமெரிக்காவில் ஆடுவது அவருக்குத் தெரியும். திகதியை இட்டுத் தேடினார். அந்தத் திகதியில் ஒருவரும் இல்லை. அணி அணியாகத் தேடினார். ரிசீவர்களில் இல்லை, குவாட்டர்பேக்குகளில் இல்லை, உதைகாரரிலும் இல்லை. திரும்ப வந்து செய்தியைப் பார்த்தார். அப்போதுதான் அந்தக் கடைசி எண் கண்ணில் பட்டது. ஆறு நாற்பத்திரண்டு. ஏழு என்று இல்லை, ஆறே முக்கால் என்றும் இல்லை. பதினைந்து கிழமை அமெரிக்கா முழுவதும் தேடியும் ஒருவனுக்கும் கிடைக்காத பிறந்த நேரம், நிமிடத்தோடு. பிரசவ அறையில் யாரோ ஒரு தகப்பன், பிள்ளையைப் பார்க்கும் முன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்திருக்கிறான். லீக் பட்டியலில் இருந்த அந்த ஒரே தமிழ்ப் பெயரும், உப்பு விசாரித்த டீவியும் ஒன்றாகச் சேர்ந்தன.

அலுமாரியின் மேல்தட்டில் இருந்து 1998ஆம் வருடத்து வெகுதானியப் பஞ்சாங்கத்தை இறக்கினார். தூசு தட்டினார். நவம்பர் பத்தொன்பது. இலங்கை நேரத்தை ஜெர்மன் நேரமாக்கிக் கழித்தார். பிழைத்திருக்கும் என்று திரும்பவும் கழித்தார். காலை ஆறு இருபத்தைந்து வரை விசாகம். அதன்பிறகு அனுஷம்.

விசாகம் வயிறு. அனுஷம் தொடை.

மதீசன் பூசம்.

பதினேழு நிமிடம். பென்சில் கொப்பிக்கு மேலே நின்றது. பீச்சமுக்கு அவர் விடிய ஐந்து மணிக்கு முன் ஒரு தாயை வலியெடுக்க வைத்தவர். அங்கே நேரம் இல்லை, ஆகவே இடம் இருந்தது. இங்கே நேரம் வந்துவிட்டது. ஜெர்மன் ஆசுபத்திரி மணிக்கூடு பதினேழு நிமிடம் பிழைக்குமா? தகப்பன் பதற்றத்தில் பிழையாக வாசித்திருப்பானா? அந்தத் தகப்பனும் சிலவேளை போர்ட்ஸ்ஹைமில் எங்கோ தனியாக இருந்து ஃபிரிட்ஜைத் திறந்து காட்டுகிறவனோ? ஹாலிஸ்டர் மைதானத்தின் நடுவில் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தது நினைவில் வந்துபோனது. லண்டனில் கமலநாயகி கேட்டால் என்ன சொல்வது? கேட்டாலும் பார்க்க அவரிடம் பஞ்சாங்கம் இல்லை. கட்டு முழுவதும் இங்கே, இவரிடம்.

கைபேசியில் மூன்று புள்ளிகள் தோன்றின. மதீசன் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். புள்ளிகள் மறைந்தன. திரும்பத் தோன்றின.

சிவகுருநாதன் எழும்பினார். சாப்பாட்டுக் கதிரையை அடுப்புக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, முதலில் ஒரு காலையும் பிறகு மற்றக் காலையும் வைத்து ஏறினார். கதிரை ஆடியது, பிடிக்க ஆள் இல்லை. மணிக்கூட்டை ஆணியில் இருந்து கழற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பின்பக்கத்துச் சில்லைப் பிடித்துத் திருகினார். எட்டேகாலில் நின்ற முள் பின்னுக்கு நகர்ந்தது. எட்டு. ஏழே முக்கால். ஏழரை. ஏழே கால், சரியான நேரம் அதுதான், அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். விரல் நிற்கவில்லை. முள் ஏழைத் தாண்டி, ஆறு ஐம்பதைத் தாண்டி, ஆறு நாற்பத்திரண்டைத் தாண்டி மெல்ல மெல்லப் பின்னால் போய், ஆறு இருபத்தைந்துக்கு ஒரு மயிரிழை முன்னால், விசாகத்துக்குள், வந்து நின்றது. கதிரைமேல், மணிக்கூட்டை இரண்டு கையாலும் ஏந்தியபடி, அவர் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே மேசையில் கைபேசி அடிக்கத் தொடங்கியது.